ஏழு விநாடித் தாளமும் மூணு கை டிரம்மரும்

"ஏன் தம்பி, இந்த ஆளுக்கு எத்தனை கை?"

எங்க தெரு டிரம்மர் அண்ணன் ஹெட்போனைக் கழட்டிட்டு என்கிட்ட கேட்ட முதல் கேள்வி இது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சில வருஷத்துக்கு முன்னாடி நண்பர் ஒருத்தர் குறும்படம் எடுத்தார். அதுல ஒரு துரத்தல் காட்சி. "படபடன்னு டிரம்ஸ் ஓடணும். ஆனா மிஷின் மாதிரி இருக்கக்கூடாது. நிஜமாவே ஒரு ஆள் உக்காந்து வெளுத்து வாங்குற மாதிரி இருக்கணும்" அப்படின்னார். நமக்கு இசை படிப்பு கிடையாது. வீட்டுக் கம்ப்யூட்டர்ல நோண்டிப் பழகின கேள்வி ஞானம் மட்டும்தான். மூணு ராத்திரி கண் முழிச்சு, கட்டம் கட்டமா கிளிக் பண்ணி ஒரு துண்டு தயார் செஞ்சேன். கேட்கக் கேட்க எனக்கே புல்லரிச்சுப் போச்சு. பெருமையோட அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். அவர் மெல்லிசைக் குழுவுல இருபது வருஷத்துக்கு மேல டிரம்ஸ் வாசிச்சவர். சரியா பத்து விநாடி கேட்டார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

விஷயம் ரொம்ப சிம்பிள். வலது கை ரைடு சிம்பல்ல 'டிங் டிங்'னு ஓடிட்டு இருக்கு. இடது கை ஸ்நேர்ல. அதே நேரத்துல கிராஷ் சிம்பலும் 'ஜ்ஜிய்ங்'னு விழுது. அது யாரோட கை? மவுஸ் வச்சு கிளிக் பண்றவனுக்கு எத்தனை கட்டம் வேணும்னாலும் நிரப்பலாம். டிரம்ஸ் முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு ரெண்டு கை, ரெண்டு கால்தானே? :)

அசிங்கமாப் போச்சு. ஆனா அன்னிக்கு ஆரம்பிச்ச நோண்டல் எங்கெங்கேயோ சுத்தி, கடைசியில 1969-ல போய் நின்னுது. மிஷினை மனுஷன் மாதிரி வாசிக்க வைக்கிற இந்த வேலைக்குப் பின்னாடி ஒரு நீளமான வரலாறு இருக்கு. அதுல ரெண்டு டிரம்மர்கள் இருக்காங்க. அவங்க கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி கலந்து பக்கத்துல வச்சுக்கங்க.

பிரேக்குன்னா என்ன?

பாட்டு ஓடிட்டே இருக்கும். திடீர்னு குரல், கிட்டார், ஊதுகுழல் எல்லாம் ஒதுங்கிக்கும். டிரம்ஸ் மட்டும் தனியா நாலு சுத்து வாசிக்கும். அப்புறம் எல்லாரும் திரும்ப வந்து சேர்ந்துக்குவாங்க. அந்த இடைவெளிக்குப் பேர்தான் பிரேக். 60-கள், 70-களோட அமெரிக்கக் கறுப்பர் இசையில, ஃபங்க், சோல் பாட்டுகள்ல இது நிறைய வரும்.

நியூயார்க் பிராங்ஸ் பகுதியில கூல் ஹெர்க்னு ஒரு டிஜே. ஜமைக்காவில பிறந்தவர். 1973 ஆகஸ்ட் 11 அன்னிக்கு, செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டடத்துல அவரோட தங்கச்சி ஏற்பாடு பண்ணின பார்ட்டியில இசைத்தட்டு போட்டார். ஹிப்-ஹாப் பிறந்த நாள்னு இப்பவும் அதைத்தான் சொல்றாங்க. ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனிச்சு வச்சிருந்தார். பிரேக் வரும்போதுதான் ஜனங்க ஆட்டத்துல உச்சத்துக்குப் போறாங்க. ஆனா அது சில விநாடியில முடிஞ்சுடுது. என்ன செய்யலாம்? ஒரே இசைத்தட்டுல ரெண்டு பிரதி வாங்கினார். ஒண்ணுல பிரேக் முடியறப்போ இன்னொண்ணுல அதே பிரேக்கை ஆரம்பிச்சார். இப்படியே மாத்தி மாத்தி. கையாலேயே செஞ்ச லூப் அது. அதுக்கப்புறம் வந்த எந்திரங்கள் எல்லாம் ஒரு வகையில ஹெர்க்கோட ரெண்டு கையையும் காப்பி அடிச்சதுதான்.

அந்த ஏழு விநாடி

இப்ப நம்ம கதாநாயகனுக்கு வருவோம்.

தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு. வாஷிங்டன்காரங்க. 1969-ல ஒரு சிங்கிள் இசைத்தட்டு வெளியிட்டாங்க. முன்பக்கம் 'கலர் ஹிம் ஃபாதர்'. அது ஹிட். அதோட ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு கிராமி விருதும் கிடைச்சுது. பின்பக்கத்துக்கு ஏதாவது ஒண்ணு வேணுமேன்னு பழைய தேவாலயப் பாட்டு மெட்டு ஒண்ணை எடுத்து அட்லாண்டாவுல அவசர அவசரமா பதிவு செஞ்சதுதான் 'ஆமென், பிரதர்'. பாட்டு ஒன்றரை நிமிஷத்தை நெருங்கறப்போ எல்லாரும் நிறுத்திக்க, டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியா நாலு சுத்து வாசிக்கிறார். ஏழே ஏழு விநாடி. அவ்வளவுதான்.

அந்த ஏழு விநாடியைத்தான் உலகம் 'ஆமென் பிரேக்'னு சொல்லுது. ஆயிரக்கணக்கான பாட்டுகள்ல இது வெட்டி ஒட்டப்பட்டிருக்கு. என்.டபிள்யூ.ஏ குழுவோட 1988 பாட்டு 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' தொடங்கி, 'ஃபியூச்சராமா' கார்ட்டூன் தொடரோட முகப்பு இசை வரைக்கும். உங்களுக்குப் பேர் தெரியாம இருக்கலாம். சத்தம் கண்டிப்பா தெரியும்.

அப்படி என்ன விசேஷம்? ஒரு சுத்தை 16 கட்டமாப் பிரிச்சுக்கங்க. கம்ப்யூட்டர்ல நாங்க அப்படித்தான் பார்ப்போம். முதல் சுத்துல காலால அடிக்கிற கிக் 1, 3, 11, 12-ல விழுது. பலமான ஸ்நேர் அடி 5-லயும் 13-லயும். நடுவுல 8, 10, 16-ல ஸ்நேர்மேல மெல்லிசா ஒரு தட்டு. ரைடு சிம்பல் ஒத்தைப்படைக் கட்டம் எல்லாத்துலயும். ரெண்டாவது சுத்தும் இதேதான். கேட்கிறவன் 'சரி, புரிஞ்சுபோச்சு'ன்னு தலையாட்ட ஆரம்பிச்சிடுவான்.

அங்கதான் ஆப்பு. மூணாவது சுத்துல 13-ல விழவேண்டிய ஸ்நேர் விழாது! ரெண்டு கட்டம் தள்ளி 15-ல விழும். கால் விநாடிகூட இல்லாத தாமதம். மாடிப்படி இறங்குறப்போ இன்னொரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வச்சா தரை வருமே, அந்த மாதிரி ஒரு திடுக். நாலாவது சுத்துல இன்னும் மோசம். முதல் கட்டத்துல கிக்கே கிடையாது. சமத்துல அடிக்கவேண்டிய மனுஷன் காலைத் தூக்கிட்டு சும்மா இருக்கார். அப்புறம் 11-ல, யாரும் எதிர்பார்க்காத இடத்துல, கிராஷ் சிம்பல். நாலு சுத்துக்குள்ள பழக்கம், சந்தேகம், ஏமாத்து, வெடின்னு ஒரு முழுக்கதையே இருக்கு.

மில் சத்தத்துல தாளம் கத்துக்கிட்டவர்

ரெண்டாவது ஆள் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. ஜேம்ஸ் பிரவுனோட டிரம்மர். 1969 நவம்பர்ல சின்சினாட்டியில பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டுல அவர் தனியா வாசிக்கிற சில சுத்து, ஆமெனுக்குச் சமமா உலகம் சுத்தின துண்டு. அந்த இடத்துல ஜேம்ஸ் பிரவுன் அவரைத் தனி ஆவர்த்தனம் வாசிக்கச் சொல்லலை. வித்தை காட்டாதே, வாசிச்சிட்டிருக்கிறதையே வாசின்னுதான் சொன்னார். அவரும் அதையேதான் செஞ்சார்.

அவரோட ரகசியம் 'கோஸ்ட் நோட்'. பேய் அடின்னு வச்சுக்கலாமா? ;) ஸ்நேர்மேல குச்சி பட்டும் படாமலும் விழற மெல்லிய தட்டுகள். தனியாக் கேட்டா கேட்கவே கேட்காது. எடுத்துட்டா தாளம் செத்துப்போகும். நம்ம ஊர்ல மிருதங்கம் கேட்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். பெரிய சொல்லுக்கு நடுவுல விரல் நுனி சும்மா தடவிட்டுப் போகுமே, அந்த வேலை.

ஸ்டபிள்ஃபீல்டு யார்கிட்டயும் முறையாக் கத்துக்கிட்டவர் இல்லை. டென்னசி மாநிலத்துல சட்டனூகாங்கற ஊர்ல வளர்ந்தவர். சின்ன வயசுல தொழிற்சாலை எந்திரம் ஓடுற சத்தத்தையும், ரயில் போற சத்தத்தையும் கேட்டுத்தான் தாளம் பிடிச்சதா அவரே சொல்லியிருக்கார். இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடலை. ஒரு மனுஷன் எந்திரத்தைக் கேட்டு அதை உயிருள்ள தாளமா மாத்தினார். அதுக்கப்புறம் நாப்பது அம்பது வருஷமா எந்திரங்கள் அவரை மாதிரி வாசிக்க முயற்சி பண்ணிட்டு இருக்கு!

எந்திரம் வந்த கதை

1980-ல ரோஜர் லின்னுங்கறவர் எல்எம்-1 அப்படின்னு ஒரு டிரம் மிஷின் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி வந்த பெட்டிகள் மின்சுற்றுல சத்தத்தை உருவாக்கின. 'டுப்பு டுப்பு'ன்னு கேட்கும். லின்னோட மிஷின்ல நிஜமான டிரம்ஸ் சத்தத்தைப் பதிவு பண்ணி சிப்புல ஏத்தியிருந்தார். விலை ஐயாயிரம் டாலரைத் தொட்டுச்சு. ஆனா அதுல ரைடும் இல்லை, கிராஷும் இல்லை! சிம்பல் சத்தம் ரொம்ப நேரம் நீளும், அந்தக் காலத்து நினைவகத்துக்கு அது கட்டுப்படியாகலை. ஆக முதல் 'நிஜ டிரம்ஸ்' மிஷின்ல ஆமென் பிரேக்கை முழுசா வாசிக்கவே முடியாது.

லின் இன்னும் ரெண்டு விஷயம் கொண்டுவந்தார். ஒண்ணு, குவாண்டைஸ். நீங்க முன்னே பின்னே தட்டினாலும் மிஷின் அதை அருகில இருக்கிற கட்டத்துக்கு இழுத்து நேராக்கிடும். இன்னொண்ணு, ஸ்விங். நேரானதை மறுபடி கொஞ்சம் கோணலாக்கறது. இரட்டைப்படைக் கட்டங்களை எல்லாம் கொஞ்சம் தாமதமா விழ வைக்கும். 50 சதவீதம்னா நேர்கோடு, 66-ஐத் தொட்டா மூணு மூணா ஆடற நடை. ஒரே ஆள், ஒரே மிஷின்ல நேராக்கவும் கோணலாக்கவும் தனித்தனி பட்டன் வச்சார் பாருங்க, அதுல இருக்கு இந்தத் தொழிலோட மொத்தச் சிக்கலும்.

1987-ல எஸ்பி-1200. இதுல நீங்களே எந்தச் சத்தத்தையும் பதிவு பண்ணிக்கலாம். மொத்தமே பத்து விநாடி சொச்சம்தான். ஒரு துண்டு ரெண்டரை விநாடிக்கு மேல போகக்கூடாது. பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 33 வேகத்துல ஓடவேண்டிய தட்டை 45-ல வேகமா ஓட விட்டுப் பதிவு பண்ணி, மிஷினுக்குள்ள போனதும் மெதுவாக்கிக்கிட்டாங்க. இடம் மிச்சம். கூடவே ஒரு கரகரப்பும் ஓசியில கிடைச்சுது. இன்னிக்கு அந்தக் கரகரப்புக்குன்னே மென்பொருள் காசு கொடுத்து வாங்கறாங்க. 1988-ல ரோஜர் லின் அகாய் நிறுவனத்தோட சேர்ந்து எம்பிசி-60 கொண்டுவந்தார். விரலால தட்டி வாசிக்க 16 ரப்பர் பட்டன். எவ்வளவு பலமாத் தட்டுறோம்கறதையும் அது கவனிக்கும்.

நடுவுல 1986-ல, பழைய பாட்டுகள்ல இருந்த பிரேக்குகளைத் தேடித் தொகுத்து 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்'னு இசைத்தட்டு வரிசை வந்தது. 'ஆமென், பிரதர்' அதுல இருந்தது. 17 வருஷமா மறந்துபோயிருந்த ஒரு பின்பக்கப் பாட்டு, சரியா சாம்ப்ளர் மிஷின்கள் பரவுற நேரத்துல, எல்லார் கையிலயும் போய்ச் சேர்ந்துடுச்சு. விதி!

வெட்டின துண்டு ஏன் சாகலை?

90-களோட தொடக்கத்துல லண்டன் பசங்க இந்தத் துண்டை எடுத்து ஆட ஆரம்பிச்சாங்க. மூலத்துல நிமிஷத்துக்கு 137 அடி கிட்ட. இவங்க அதை 160, 170-னு விரட்டினாங்க. ஜங்கிள்னு ஒரு இசை வகையே பிறந்தது. சும்மா லூப் போடலை. கிக் தனி, ஸ்நேர் தனி, அந்தக் கிராஷ் தனின்னு துண்டு துண்டா வெட்டி, வேற வேற வரிசையில அடுக்கி, கோல்மன் வாசிக்காத தாளத்தை எல்லாம் கோல்மன் சத்தத்துல வாசிக்க வச்சாங்க.

இங்க ஒரு கேள்வி. இவ்வளவு வெட்டியும் அது ஏன் மிஷின் மாதிரி கேட்கலை? நான் சுத்தமாப் பதிவு பண்ணின விலை உயர்ந்த டிரம்ஸ் சத்தங்களை வச்சு அடுக்கினா ஏன் பொம்மை மாதிரி கேட்குது?

காரணம் அழுக்கு. கோல்மனோட ஒவ்வொரு துண்டுலயும் பக்கத்து வீட்டுச் சத்தம் ஒட்டிட்டு வருது. ஸ்நேரை வெட்டி எடுத்தா அதுக்கு முன்னாடி அடிச்ச ரைடோட ரீங்காரம் கூடவே வரும். கிக் அடிச்ச அதிர்வுல ஸ்நேர் அடியில இருக்கிற கம்பிச்சுருள் 'ஸ்ஸ்'னு முனகறது வரும். அந்த அறையோட காத்து வரும். எப்படி மாத்தி அடுக்கினாலும் துண்டுகளுக்குள்ள ஒரு சொந்தபந்தம் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருந்த சத்தங்களோ ஒண்ணுக்கொண்ணு அறிமுகமே இல்லாத ஆளுங்க, பஸ் ஸ்டாண்டுல வரிசையில நிக்கிற மாதிரி.

1991 டிசம்பர்ல நியூயார்க் நீதிமன்றம் பிஸ் மார்க்கி வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. அனுமதி இல்லாம அடுத்தவர் பதிவுல இருந்து துண்டு எடுத்தது தப்புன்னு. அப்புறம் துண்டு எடுக்கிறது செலவு பிடிச்ச வேலையாப் போச்சு. பழைய பிரேக்கை வெட்டி எடுக்காம, அதே மாதிரி புதுசா வாசிக்கவோ புரோகிராம் பண்ணவோ பலருக்கு ஒரு காரணம் கிடைச்சுது. 2003-ல பிஎஃப்டி, 2006-ல ஈஸிடிரம்மர்னு டிரம்ஸ் மென்பொருட்கள் வந்தது. ஒரே ஸ்நேரைப் பல பலத்துல, பல தடவை அடிச்சுப் பதிவு பண்ணி வச்சிருப்பாங்க. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா 'டடடடட'ன்னு மெஷின் கன் மாதிரி காதுல குத்தும், அதைத் தவிர்க்க.

ஆக சத்தம் கிடைச்சாச்சு. கை?

தப்புக்கும் ஞாபகம் உண்டு

நான் செஞ்ச ரெண்டாவது தப்பு இங்கதான். எல்லா அடியும் கட்டத்துல கச்சிதமா விழுந்தா மிஷின் மாதிரி இருக்கும்னு எனக்கும் தெரியும். அதனால மென்பொருள்ல இருக்கிற ஒரு பட்டனைத் தட்டி, எல்லா அடியையும் இஷ்டத்துக்கு முன்னே பின்னே கலைச்சு விட்டேன். மனுஷன்னா தப்பு பண்ணுவான், தப்பு சேர்த்தா மனுஷன் ஆயிடுவான்னு கணக்கு. அண்ணன் கேட்டுட்டு, "இது வாசிக்கிறவன் இல்ல தம்பி. தண்ணி போட்டவன்" அப்படின்னார்.

அப்புறம்தான் 2011-ல ஜெர்மனியோட கோட்டிங்கன் நகரத்துல ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் செஞ்ச ஆராய்ச்சி கண்ணுல பட்டுது. தாளம் வாசிக்கிறவங்களோட பிசகுகளை அளந்து பார்த்திருக்காங்க. ஒவ்வொரு பிசகும் விநாடியில நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான். ஆனா அது லாட்டரி குலுக்கல் இல்லை. ஒரு அடி கொஞ்சம் தாமதமானா, அதோட சாயல் ரொம்ப தூரம் தள்ளி வர அடிகள்லயும் இருக்கு. இப்போ பண்ற பிசகு பழைய பிசகை ஞாபகம் வச்சிருக்கு. இடுப்புல தண்ணிக்குடம் வச்சுட்டு நடக்கறவங்களைப் பாருங்க. ஒரு அடி சாஞ்சா அடுத்தடுத்த அடியெல்லாம் அதைச் சரிக்கட்டிட்டே போகும், ஆனா நடை நிக்காது. அது மாதிரி. ஒரே பாட்டை இஷ்டத்துக்குக் கலைச்சது, இப்படி ஞாபகத்தோட கலைச்சதுன்னு ரெண்டு விதமாப் போட்டுக் காட்டினப்போ, கேட்டவங்களுக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

2015-ல இன்னொரு ஆராய்ச்சி. 1982-ல மைக்கேல் மெக்டொனால்டு பாடின ஒரு பாட்டுல ஜெஃப் போர்காரோ வாசிச்ச ஹை-ஹாட்டை அடி அடியா அளந்தாங்க. அங்கயும் அதே நீண்ட ஞாபகம். நேரத்துல மட்டும் இல்லை, அடியோட பலத்துலயும்.

டெட்ராய்ட்ல ஜே டில்லான்னு ஒருத்தர் இருந்தார். 2006 பிப்ரவரியில 32 வயசுல இறந்துபோனார். எம்பிசி மிஷினை வச்சே, ஒரு பாட்டுக்குள்ள கிக்குக்கு ஒரு நேரம், ஸ்நேருக்கு ஒரு நேரம், ஹை-ஹாட்டுக்கு ஒரு நேரம்னு ஓட விட்டவர். விழுந்துடும் விழுந்துடும்னு தோணும், விழாது. அது குலுக்கல்ல வந்த கோணல் இல்லை, தெரிஞ்சே வச்ச கோணல். அவரோட எம்பிசி இப்ப வாஷிங்டன்ல ஸ்மித்சோனியனோட ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துல இருக்கு.

அண்ணன் கேட்ட அடுத்த கேள்வி

இதெல்லாம் படிச்சு முடிச்சு, ஆமென் பிரேக்கோட மூலப் பதிவை எடுத்துட்டு மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை கண்ணை மூடிட்டுக் கேட்டார். ரெண்டாவது தடவை வலது கையால தொடையில தட்டிக்கிட்டே கேட்டார். மூணாவது தடவை நாலாவது சுத்துல "நிறுத்து"ன்னார்.

"பாத்தியா? கிராஷ் அடிக்கிற இடத்துல ரைடு இல்ல. கைய எடுத்துட்டுப் போய் அங்க அடிக்கிறாப்ல. அதான் ஓட்டை. அந்த ஓட்டையிலதான் ஆள் இருக்கான்."

வீட்டுக்கு வந்து கட்டத்துல வச்சுப் பார்த்தேன். நிஜம்தான். நாலாவது சுத்துல 11-ல கிராஷ் விழுது, அங்க மட்டும் ரைடு காணோம். எத்தனை தடவை அந்தத் துண்டைக் கேட்டிருப்பேன், வாசிச்சதை மட்டும் எண்ணிட்டு இருந்திருக்கேன். வாசிக்காம விட்டது காதுல ஏறவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் 'இது எந்தக் கை?'ன்னு கேட்டுட்டுத்தான் வச்சேன். பலத்துக்கு 127 வரைக்கும் எண் இருக்கு. பெரிய ஸ்நேருக்கு 115, பேய் அடிக்கு 30-ல இருந்து 40. ரைடுல ஒண்ணு விட்டு ஒண்ணு மெல்லிசா. குலுக்கல் பட்டனைத் தொடவே இல்லை. ரப்பர் பட்டன்ல நானே வாசிச்சு, பிசகினதை எல்லாம் நேராக்காம, ரொம்பக் கேவலமானதை மட்டும் கையால நகர்த்தினேன். பொம்மை லேசா மூச்சு விட்டுது.

அண்ணன்கிட்ட போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். அப்புறம் கேட்டார்: "இத மொதல்ல வாசிச்சவர் இப்ப எங்க இருக்காரு? நல்ல காசு கெடச்சிருக்குமே?"

என்ன சொல்ல? தெரிஞ்சதைச் சொன்னேன்.

கிரிகரி கோல்மன் 2006-ல அட்லாண்டாவுல இறந்துபோனார். கையில காசு இல்லாம, இருக்க வீடும் இல்லாம. அந்தத் துண்டுக்காக அவருக்கு ஒரு பைசா வரலை. பாட்டோட உரிமை ரிச்சர்ட் ஸ்பென்சர் பேர்ல இருந்தது. அவருக்கே 1996-ல இங்கிலாந்துல இருந்து ஒரு போன் வந்தப்பதான் தன் பாட்டு இப்படி உலகம் சுத்துதுன்னு தெரியும். வழக்குப் போடற காலக்கெடு முடிஞ்சுபோச்சு. 2015-ல பிரிட்டன் டிஜேக்கள் ரெண்டு பேர் இணையத்துல உண்டியல் குலுக்கி 24,000 பவுண்டு சேர்த்து ஸ்பென்சருக்குக் கொடுத்தாங்க. நல்ல மனசு. ஆனா வாசிச்ச ஆள் போய் ஒன்பது வருஷம் ஆயிருந்தது. ஸ்பென்சரும் 2020-ல போயிட்டார். அந்த பிரேக்கை வாசிக்கச் சொல்லி வழிநடத்தினது நான்தான்னு ஸ்பென்சர் சொன்னார். அதே குழுவோட ஃபில் டொலோட்டா, அது முழுக்க கோல்மனோடதுன்னார். கோல்மன் என்ன சொல்லியிருப்பார்னு இனி யாரும் கேட்க முடியாது.

ஸ்டபிள்ஃபீல்டும் 'ஃபங்கி டிரம்மர்' துண்டுகளுக்கு ராயல்டி பார்க்கலை. பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பேர்ல, வாசிச்சவர் கூலிக்கு வந்தவர்ங்கறதுதான் கணக்கு. புற்றுநோய் வந்தப்போ மருத்துவச் செலவுல 90,000 டாலர் கிட்ட கொடுத்தது பாடகர் பிரின்ஸ். அதுவும் சத்தம் போடாம. 2017 பிப்ரவரியில ஸ்டபிள்ஃபீல்டு போயிட்டார்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. இன்னும் ஒண்ணை நான் உங்ககிட்ட சொல்லலை. அண்ணன் வாசிச்ச குழுவுல இப்ப டிரம்ஸ் செட் கிடையாது. ஒரு ரிதம் பேட் இருக்கு. குச்சியால தட்டினா எல்லாச் சத்தமும் வரும். வேன்ல இடம் மிச்சம், மேடையில இடம் மிச்சம், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அவரோட டிரம்ஸ் செட் வீட்டுத் திண்ணையில பழைய போர்வை போத்திக் கிடக்கு. அவர் உக்காந்திருந்த இடத்துக்கு வந்தது எதுவோ அதோட சொந்தக்காரப் பையன்தான் என் கம்ப்யூட்டர். எனக்கு எப்படி நல்லா செய்யணும்னு சொல்லிக் கொடுத்தது அவர்.

"அவர் பேரு என்னன்ன?"

"கோல்மன்ண்ணே. கிரிகரி கோல்மன்."

"கோல்மன்," அப்படின்னு ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவ்வளவுதான். டீ குடிக்கப் போயிட்டோம்.

குறும்படம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. நான் திருத்தி முடிக்கறதுக்குள்ள நண்பர் அவசரத்துல பழைய மூணு கைத் தாளத்தையே வச்சுப் படத்தை வெளியிட்டுட்டார். பார்த்தவங்க யாரும் கண்டுபிடிக்கலை. பாராட்டினாங்க கூட. பேர் போடற இடத்துல 'டிரம்ஸ்' அப்படின்னு என் பேர்தான் ஓடிச்சு. அதைப் பார்க்கறப்போ மட்டும் இன்னிக்கும் கூசுது. அடுத்த தடவை 'டிரம்ஸ் புரோகிராமிங்'னு போடச் சொல்லியிருக்கேன். கீழே 'கை பார்த்துக் கொடுத்தவர்'னு அண்ணன் பேர் வரும். திருத்தின துண்டு என் ஹார்டு டிஸ்க்ல 'கோல்மன்'ங்கற பேர்ல இருக்கு.

டிஸ்கி: மேல சொன்னதை நம்பாதவங்க 'ஆமென், பிரதர்' பாட்டைத் தேடி எடுத்து, ஒன்றரை நிமிஷம் நெருங்கறப்போ காதைத் தீட்டிக்கங்க. முதல் தடவை சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை வலது கையை மட்டும் கேளுங்க. அந்தக் கை ஒரு இடத்துல காணாமப் போகும். கண்டுபிடிச்சவங்க சொல்லுங்க, அண்ணன்கிட்ட சொல்லி ஒரு டீ வாங்கித் தரச் சொல்றேன் :)